வீடு கட்ட உதவப் போகிறவர்களுக்கு



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கரையோரத்து ஜனங்களின் கண் அடிக்கடி வானத்தின்மேல் போகும். காரணமில்லாமல் அல்ல. 1952 நவம்பர் 30-லும், 1977 நவம்பர் 12-லும் நாகப்பட்டினத்தை ஒட்டிப் பெரும் புயல்கள் கரை கடந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்ராவுக்கு அருகே உண்டான பூகம்பத்தால் எழுந்த பேரலை, நமது கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவக் கிராமங்களில் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கரையேறி, கூரைகளையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்தது.

வீடற்றவருக்கு இடம் கொடுப்பது இரக்கச் செயல்களில் ஒன்று என்று சிறுவயதில் படித்திருக்கிறோம். அதைச் சரியாய்ச் செய்யும் விதம் எது? ஒரே வார்த்தையில் சொன்னால், அந்த வீட்டில் நாம் சித்தாள், வீட்டார்தான் எஜமான். மற்ற யாவும் இதிலிருந்தே வரும்.

முதலாவது, கேட்டுச் செய்யுங்கள். அடுப்பு எந்த மூலையில், வாசல் எந்தப் பக்கம், வலையும் சாமான்களும் வைக்க இடம் எவ்வளவு என்பதை வீட்டுக்கார அம்மாளே அறிவாள். பேரலைக்குப் பின் பல ஊர்களில் ஒப்பந்தக்காரர்கள் நிழல் மரங்களை வெட்டித் தரையைச் சமப்படுத்தி, ஒரே அச்சில் வரிசை வரிசையாய் வீடுகள் கட்டினார்கள். வீட்டாருக்கோ அதில் வேடிக்கை பார்க்கும் வேலைதான். நமக்கு வடக்கே தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வேறு விதம் நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸும் குடும்பங்களோடு கலந்து பேசி வீடுகளை அமைத்தார்கள். எல்லாம் இழந்தவனுக்கு மிஞ்சியிருப்பது தன் வீட்டைப்பற்றித் தானே முடிவு செய்யும் உரிமை. அதையும் நாம் எடுத்துக்கொள்ளலாகாது.

இரண்டாவது, கேட்கத் தெரியாதவர்களைத் தேடிப் போங்கள். 2004-க்குப் பின் உதவி பெரும்பாலும் படகும் வலையும் இழந்தவர்களையே முதலில் எட்டியது. விவசாயக் கூலிகளும், வாடகைக்குக் குடியிருந்தவர்களும், மனைப் பட்டா இல்லாதவர்களும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். மேலும் நம் காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது, சுற்றிலும் தமிழ்நாடு. எல்லைக்கு அப்பால் உள்ள உறவினருக்குக் கிடைத்த நிவாரணம் இங்கே அதே முறையில் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. ஆகையால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, வருவாய்த்துறை அலுவலகத்துக்குத் துணையாய்ப் போகலாம். இடிபாடுகளை அள்ளுமுன் சேதத்தைப் படம் எடுத்து வைப்பதும் பெரிய உபகாரம்.

மூன்றாவது, எச்சரிக்கையாயிருங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பி எதையும், மின்துறையார் வந்து பார்க்குமுன் தொடாதீர்கள். கீற்றுக் குவியலில் பாம்பு இருக்கும். கையை விடாமல் கோலால் புரட்டுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளை உடைக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு விஷம். நனைத்து, முழுசாய் இறக்குங்கள். தண்ணீரில் ஊறிய மண்சுவரின் அடியில் ஒருவரும் நிற்கவேண்டாம்.

நான்காவது, அடுத்த புயலை நினைத்துக் கட்டுங்கள். புயல் கூரையை அமுக்குவதில்லை. மேலிருந்து இழுத்தும் உள்ளே புகுந்து தள்ளியும் தூக்குகிறது. ஆகையால் கைமரத்தைச் சுவரின் மேல் வெறுமனே வைத்தால் போதாது. கம்பியாலோ இரும்புப் பட்டையாலோ தூணோடு இறுகக் கட்டவேண்டும். தூண்களை ஆழ நட்டு, மூலைகளில் குறுக்குச் சட்டம் சாய்த்து அடித்தால் வீடு ஒரு பக்கமாய்ச் சாயாது. இருபுறம் சரியும் கூரையைவிட நாற்புறமும் சரியும் கூரை காற்றைத் தாங்கும். இறவாரத்தை அதிகம் நீட்டவேண்டாம். தாழ்வாரத்துக் கூரையைத் தனியாய் அமையுங்கள். காற்று அதைப் பிடுங்கினாலும் பெரிய கூரை தப்பும். கான்கிரீட்டில் கடல் மணல் கலக்கவே கூடாது; அதன் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

ஐந்தாவது, முடியும்வரை போங்கள். முதல் வாரத்தில் கைகள் ஏராளம். மூன்றாம் மாதத்தில் ஒருவரையும் காணோம். ஆனால் கதவு மாட்டுவதும், தரை பூசுவதும், கழிப்பறை கட்டுவதும் அப்போதுதான். பத்துப்பேர் ஒருநாள் வருவதைவிட, இரண்டுபேர் பத்து வாரம் வருவது மேல். பாரம் தூக்க முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. கொத்தனாருக்கும் வீட்டாருக்கும் சோறு சமைக்கலாம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம், வயதானவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம்.

காற்று அடித்த பிறகு ஆள் தேடினால் நாள் போய்விடும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு தெருவிலும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: நம்மில் கொத்தனார் யார், தச்சர் யார், ஏணியும் கடப்பாரையும் யாரிடம் உண்டு, தனியாய் வாழும் முதியவர் எந்த வீட்டில், பலவீனமான கூரை எது என்று. அந்தக் கூரையைப் புயலுக்கு முன்பே போய்க் கட்டிக்கொடுத்தால், பிறகு ஒரு வீட்டைப் புதிதாய்க் கட்டும் வேலை குறையும்.