பெட்ரோல் ஆவிக் கசிவைக் கண்டறிவது எப்படி?

வாயகன்ற பாத்திரத்தில் வைத்த நீர் வெயிலில் வற்றிப் போவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பெட்ரோலும் அவ்வாறே வற்றும். ஆனால் நீரைவிடப் பன்மடங்கு விரைவில் வற்றும். அதனை அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை. சாதாரண வெயிலின் சூடே போதும். ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டியிலும் பகல் முழுவதும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறுமாயின் மூவகைத் தீங்கு நேர்கின்றது. காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் காற்றோடு போகின்றது. வீட்டிலும் கொட்டகையிலும் தீ விபத்துக்கு இடமுண்டாகின்றது. மக்களின் உடல் நலமும் பயிரின் நலமும் கெடுகின்றன.

நம் கிராமங்களில் இன்று மோட்டார் சைக்கிள் இல்லாத தெரு அரிது. கார்களும் பெருகிவிட்டன. ஆகவே இந்த ஆவிக் கசிவைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் ஓரளவு அறிந்திருத்தல் நலம். டீசல் எளிதில் ஆவியாகாது. ஆதலால் டீசலில் ஓடும் டிராக்டருக்கும் லாரிக்கும் இக்கட்டுரையில் கூறப்படும் அமைப்பு இல்லை. பெட்ரோல் வண்டிகளைப் பற்றியே இங்கு ஆராய்வோம்.

பயிர் காட்டிய உண்மை

பெட்ரோல் ஆவியின் கேட்டை முதலில் எடுத்துக் காட்டியவற்றுள் பயிரும் ஒன்று என்பது விவசாயிகள் அறிய வேண்டிய செய்தி. அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 1940-களில் கீரைகளின் இலைகள் வெள்ளி பூசியது போலவும் வெண்கல நிறமாகவும் மாறிக் கருகின. பூச்சியும் இல்லை, பூஞ்சணமும் இல்லை. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் இரசாயன அறிஞர் இதன் காரணத்தைத் தேடினார். பெட்ரோல் ஆவியையும் ஓசோன் வாயுவையும் செடிகள் மீது செலுத்திப் பார்த்தபோது, தோட்டங்களில் கண்ட அதே கேடு அச்செடிகளிலும் தோன்றியது. பெட்ரோல் ஆவியும் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கலந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை அவர் 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார்.

வானத்தின் உயரத்தில் உள்ள ஓசோன் நமக்குக் கவசம். தரையருகே உண்டாகும் ஓசோனோ மூச்சுக் குழலை எரிக்கும். பயிரின் இலைத் துளை வழியே புகுந்து விளைச்சலைக் குறைக்கும். கோதுமை, சோயா, நிலக்கடலை, பருத்தி ஆகியவை இதனால் பாதிக்கப்படும் பயிர்கள். ஆகவே கலிபோர்னியாவில் 1970-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதிலும் 1971-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்தும் தொட்டியின் ஆவியை அடக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டிலும் பெட்ரோல் கார்களுக்கு இவ்விதி உண்டு. மூடிய அறையில் காரை நிறுத்திச் செய்யும் சோதனையில் வெளிப்படும் ஆவி 2 கிராமுக்கு மேற்படலாகாது. 2017-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் இரு சக்கர வண்டிகளையும் இதில் சேர்த்தன. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறையில் உள்ளன.

ஆவி செல்லும் வழி

கசிவைத் தேடுவோர் முதலில் ஆவி செல்லும் வழியை அறிதல் வேண்டும். வாய்க்காலின் போக்கை அறியாதவன் உடைப்பைக் கண்டுபிடிக்க இயலாது அல்லவா?

பெட்ரோல் தொட்டியின் வாய் இறுக்கமான மூடியால் அடைக்கப்பட்டிருக்கிறது. தொட்டியின் மேற்பகுதியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டுக் கரிப் பெட்டிக்குச் செல்கிறது. அப்பெட்டியில் பக்குவப்படுத்திய கரி நிரப்பப்பட்டுள்ளது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் மரத்திலிருந்தும் இத்தகைய கரி செய்யலாம். வாங்கிய ஆவியை எளிதில் திருப்பித் தரும் தன்மை இருப்பதால் வண்டிகளில் பெரும்பாலும் மரக்கரியே பயன்படுகிறது. இதன் ஒரு கிராமில் உள்ள நுண் துளைகளின் பரப்பைக் கணக்கிட்டால் சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் வரும். ஆவி இத்துளைகளில் ஒட்டிக்கொள்ள, தூய காற்று மட்டும் பெட்டியின் மற்றொரு துவாரத்தின் வழியாக வெளியே செல்கிறது.

கரி நிறைந்துவிட்டால் என் செய்வது? அதற்கும் வழி உண்டு. கரிப் பெட்டியிலிருந்து மற்றொரு குழாய் இயந்திரத்துக்குச் செல்கிறது. அதன் நடுவே மின்சாரத்தால் திறக்கும் வால்வு ஒன்று உள்ளது. இயந்திரம் சூடேறி ஓடும்போது அந்த வால்வு திறக்கிறது. இயந்திரத்தின் உறிஞ்சும் சக்தியால் வெளிக்காற்று கரியின் ஊடே பாய்ந்து, ஒட்டியிருந்த ஆவியை வாரிச் சென்று எரிக்கிறது. கரி மீண்டும் காலியாகிறது. இவ்வாறு வீணாகும் ஆவியும் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது.

மூடி, தொட்டி, ஆவிக்குழாய், கரிப் பெட்டி, காற்றுத் துவாரம், வால்வு ஆகிய இவ்வாறில் ஏதேனும் ஒன்று பழுதாயின் அமைப்பு முழுவதும் பயனற்றுப் போகும்.

ஓர் ஊரில் நடந்தது

நாம் அறிந்த ஓர் ஊரில் விவசாயி ஒருவரின் கார் நின்ற கொட்டகையில் பெட்ரோல் வாசனை வீசிக்கொண்டே இருந்தது. மூடிதான் காரணம் என்று எண்ணிப் புது மூடி வாங்கினார். வாசனை நிற்கவில்லை. அந்த மூடியும் சரியில்லை போலும் என்று மற்றொன்று வாங்கினார். அப்பொழுதும் நிற்கவில்லை. இறுதியில் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது, தொட்டியின் மேலே மறைவாகச் செல்லும் ஆவிக்குழாயில் எலி கடித்த ஓட்டை இருந்தது. அக்கொட்டகையிலேயே நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன; எலிக்கு வேறு அழைப்பு வேண்டுமா? பத்தடி தூரத்தில் மாட்டுத் தீவனம் காய்ச்சும் அடுப்பும் இருந்தது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழும்பாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். அந்த அடுப்பு தரையோடு இருந்தது. மாதக்கணக்கில் விபத்து நேராதிருந்தது அவரது நல்லூழ் என்றே கூற வேண்டும். ஊகித்துப் பொருளை மாற்றுவதைவிட வரிசையாகச் சோதித்துக் காரணத்தை அறிவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

சோதிக்கும் வரிசை

1. சொட்டா, ஆவியா? வண்டியின் அடியில் ஈரமோ, கறையோ, சொட்டோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். இருப்பின் அது ஆவிக் கசிவன்று, பெட்ரோல் ஒழுக்கு. வண்டியைக் கிளப்பாமல் திறந்த வெளிக்குத் தள்ளி நிறுத்தி, மெக்கானிக்கை அங்கேயே வரவழைத்தல் வேண்டும்.

2. வாசனை எங்கே மிகுதி? பெட்ரோல் ஊற்றும் வாயருகே எனில் மூடியும் அதன் கீழுள்ள குழாயும் சந்தேகத்துக்குரியவை. வண்டியின் பின்புற அடியில் எனில் தொட்டியின் மேற்குழாய். முன்புறம் எனில் இயந்திரத்துக்குச் செல்லும் குழாயும் வால்வும். கரிப் பெட்டி சில வண்டிகளில் முன்புறமும் சிலவற்றில் பின்புறமும் இருக்கும். அதன் இடத்தை முன்னரே கேட்டு அறிந்துகொள்க.

3. மூடி. மூடியின் ரப்பர் வளையம் வெடித்துள்ளதா, கெட்டிப்பட்டுள்ளதா, மண் ஒட்டியுள்ளதா என்று பார்க்க. மூடி உட்காரும் விளிம்பில் துரு இருந்தாலும் இறுக்கம் வராது. திருகு மூடியாயின் 'டிக்' என்னும் ஒலி கேட்கும்வரை திருக வேண்டும்.

4. குழாய்கள். இயந்திரம் ஆறிய பின் ரப்பர் குழாய்களைக் கையால் மெல்ல வளைத்துப் பார்க்க. வெடிப்பு, எலிக்கடி, கழன்ற முனை ஆகியவை இதனால் புலப்படும்.

5. வால்வு. இதனை மெக்கானிக்கே சோதிக்க வேண்டும். நாம் உடனிருந்து பார்க்கலாம். ஆறிய இயந்திரத்தைக் கிளப்பியவுடன், கரிப் பெட்டியிலிருந்து வால்வுக்கு வரும் குழாயைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சும் விசை தெரியலாகாது. தெரிந்தால் வால்வு மூடாமல் நிற்கிறது என்று பொருள். பெட்ரோல் நிரப்பியவுடன் வண்டி கிளம்ப மறுப்பதும், நின்ற நிலையில் இயந்திரம் ஏறி இறங்கி ஓடுவதும் இப்பழுதின் அறிகுறிகள். இதற்கு மாறாக, வால்வு என்றுமே திறக்காவிடில் கரி நிறைந்து வழிந்து, காற்றுத் துவாரத்தின் வழியே வாசனை வீசும்.

6. காற்றுத் துவாரம். சேற்றாலோ குளவிக்கூட்டாலோ இது அடைபடுவதுண்டு. மூடியைத் திறக்கும்போது சிறு ஒலி எழுவது இயல்பு. காற்று பலமாக உள்ளே இழுக்கப்பட்டால் துவாரம் அடைபட்டிருக்கலாம். பெட்ரோல் நிரப்பும்போது பம்பின் முனை அடிக்கடி தானே நின்றுவிடுவதும் இதற்கு ஓர் அடையாளம்.

பட்டறையில் செய்யும் புகைச் சோதனை

மேற்கூறியவற்றால் கசிவு அகப்படவில்லையெனில் புகைச் சோதனை உதவும். தனிக் கருவியில் எண்ணெயைச் சூடாக்கி உண்டாக்கும் வெண்புகையை அமைப்பினுள் செலுத்துவர். ஓட்டை உள்ள இடத்தில் புகை நூல் போல் வெளிவரும். இதற்கு வேண்டிய அழுத்தம் மிகச் சிறிது. சுமார் 35 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தமே, அதாவது ஒரு முழத்துக்கும் குறைவே. டயருக்குக் காற்றடிக்கும் பம்பின் அழுத்தம் இதைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. அதனை இதில் வைத்தால் குழாயும் கரிப் பெட்டியும் உடையும். மேலும் தொட்டியினுள் வெறுங்காற்றை ஏற்றுவது தீப்பற்றும் கலவையை உண்டாக்கலாம். ஆதலால் நைட்ரஜன் வாயுவோடு புகையைச் செலுத்துவதே சிறந்த முறை.

அமெரிக்காவில் 1996 மாதிரி முதல் கார்களின் கணிப்பொறியே இக்கசிவைச் சோதிக்கும் முறை படிப்படியாக வந்தது. தொடக்கத்தில் 1 மில்லிமீட்டர் ஓட்டையையும், பின்னர் அரை மில்லிமீட்டர் ஓட்டையையும் அது கண்டறிந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றியது. பி 0455 என்ற எண் பெருங்கசிவையும், பி 0442 சிறு கசிவையும், பி 0456 மிகச் சிறு கசிவையும் குறிக்கும். ஆனால் அந்த எண் கசிவின் அளவை மட்டுமே கூறும், இடத்தைக் கூறாது. நம் நாட்டு வண்டிகள் பலவற்றில் இந்தச் சோதனை இல்லை. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் கசிவு இல்லை என்று எண்ணிவிடலாகாது. நம் மூக்கும் கண்ணுமே இங்கு முதற் கருவிகள்.

செய்யத் தகாதவை

தீக்குச்சியோ விளக்கோ கொண்டு கசிவைத் தேடுதல் பெரும் பேதைமை. வாயால் குழாயை ஊதுவதும் உறிஞ்சுவதும் கூடாது. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் விளைவிக்கும் பொருள். பம்பில் முனை தானே நின்ற பிறகு மேலும் பெட்ரோல் ஊற்றச் சொல்வது பலரிடம் உள்ள வழக்கம். அவ்வாறு தொட்டியின் கழுத்துவரை நிரப்பினால் பெட்ரோல் நீர்வடிவிலேயே கரிப் பெட்டியுள் புகுந்து கரியைக் கெடுத்துவிடும். கெட்ட கரிப் பெட்டியை மாற்றுவதன்றி வேறு வழி இல்லை. சில லிட்டருக்கு ஆசைப்பட்டுப் பல மடங்கு செலவைத் தேடிக்கொள்ளலாமா?

பஞ்சாயத்து ஆற்றத் தக்க பணி

ஒவ்வொரு பஞ்சாயத்தும் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது உண்டு. பொது இடங்களில் வண்டி நிறுத்துமிடம், பள்ளிச் சமையலறை, அடுப்பு, பம்பு செட்டின் மின் விசைப் பலகை ஆகியவற்றுக்கு விலகி இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். கொட்டகைச் சுவரில் தரையை ஒட்டிக் காற்றுப் போக்கி வைக்கும்படி ஊராருக்கு அறிவுறுத்தலாம். கனமான ஆவி மேலுள்ள சாளரத்தின் வழியே வெளியேறாது. தானிய மூட்டையும் வண்டியும் ஒரே கொட்டகையில் இருப்பதைத் தவிர்க்கச் சொல்லலாம். கிராம சபை கூடும் நாளில் அருகிலுள்ள பட்டறையின் மெக்கானிக் ஒருவரை அழைத்து, மூடியையும் குழாயையும் சோதிக்கும் முறையை மக்கள் முன் செய்து காட்டச் செய்தால் அரை மணி நேரத்தில் ஊர் முழுவதும் கற்றுக்கொள்ளும்.

கிணற்றுப் பாசனத்தில் வாய்க்கால் கசிந்தால் நாம் பொறுப்பதில்லை, மண்வெட்டியுடன் விரைகிறோம். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அவ்வாறே பாவித்தல் வேண்டும். திங்களுக்கு ஒரு முறை, வண்டி ஆறியிருக்கும் காலை வேளையில் மூடியையும் குழாய்களையும் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்வோமாயின் பொருளும் காக்கப்படும்; வீடும் காக்கப்படும்.