தோட்டாக் கூட்டின் உள்சுவரைத் தடவிப் பாருங்கள்

சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடி மருந்தடைக்கும் ரீலோடிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பளபளப்பை வைத்துப் பித்தளைக் கூடுகளைப் பிரிக்கிறார்கள். கொஞ்சம் பழகியவர்கள் தராசை எடுத்து எடை பார்க்கிறார்கள். இரண்டையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒரு கூட்டில் மறுபடி மருந்தடைக்கலாமா என்பதற்கான பதில், அடிக்குச் சற்று மேலே உள்சுவரில் இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அடியில் உள்ள முத்திரைப்படி கூடுகளைப் பிரியுங்கள். ‘எல்.சி.’ என்றும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருந்தால் மிசூரியின் லேக் சிட்டி ராணுவ ஆலையில் செய்தது. இலக்கம் வருடத்தைச் சொல்லும். ராணுவக் கூடுகளைத் தனியே வையுங்கள். இயந்திரத் துப்பாக்கியில் சுட்டவை அதிகம் நீண்டிருக்கும். யார் சுட்டது, எத்தனை முறை சுட்டது என்று தெரியாத கூடு எனக்கு வேண்டாம். சுடும் மைதானத்தில் சும்மா கிடைத்தாலும் எடுக்க மாட்டேன்.

அடுத்து கழுத்து. நான்கைந்து கூடுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரிதான்: விரிசல் விட்டது சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தேடி எடுத்துப் போட்டுவிடுங்கள். கழுத்திலும் அதற்குக் கீழே சரியும் தோளிலும் நீலம் கலந்த பழுப்புக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். அது ஆலையில் சூடுகாட்டிப் பதப்படுத்திய அடையாளம்.

இனி எல்லாரும் தடுமாறும் இடம். சுடும்போது கூட்டின் மெல்லிய முன்பகுதி அழுத்தத்தால், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரைக் கவ்விக்கொள்கிறது. கனமான அடிப்பாகம் விரியாது. சேம்பரைப் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டின் மேல் போய் மோதுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவர்தான் இழுபடும். கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் டை என்ற அச்சில் மறுபடி கொடுத்துத் தோளை அளவுக்கு மேல் பின்னே தள்ளினால் அடுத்த வெடியில் அதே இடம் இன்னும் இழுபட்டு மெலியும். கடைசியில் அடி தனியாகக் கழன்றுவிடும். .308-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. அந்த அழுத்தத்தில் வெடித்த மருந்தின் வாயு உங்கள் முகத்தை நோக்கித் திரும்பும் என்பதை மறக்க வேண்டாம்.

வெளியே, அடியிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்று மேலே, பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அது எச்சரிக்கையாக இருக்கலாம். ஆனால் டை வந்து நிற்கும் இடத்திலும் ஏறக்குறைய அதே மாதிரிக் கோடு விழும். அதைப் பார்த்து நல்ல கூட்டை வீசியவர்களும் உண்டு, டை போட்ட கோடுதான் என்று நம்பிக் கெட்ட கூட்டை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. கண்ணை நம்பாதீர்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் செங்கோணமாக மடக்கி, அரத்தில் தேய்த்துக் கூராக்குங்கள். கழுத்து வழியே அடிவரை விட்டு, நுனி சுவரை உரச மெல்ல மேலே இழுங்கள். அடிச்சுவர் கனமாகத் தொடங்கி மேலே போகப் போக மெலியும். நுனி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். எங்கேயாவது பள்ளத்தில் இடறி மாட்டினால் அந்தக் கூடு முடிந்தது. ஒரே முறை சுட்ட, அதே முத்திரைக் கூட்டைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றித் தடவுங்கள், கை பழகிவிடும். சந்தேகம் தீரவில்லையா? ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். ஒரு கூட்டில் பள்ளம் இருந்தால் அந்தப் பெட்டி முழுவதையும் தடவியாக வேண்டும். டையையும் திருத்துங்கள்: போல்ட் துப்பாக்கிக்குத் தோள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பின்னே போனால் போதும்.

மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உட்காரும் குழியைப் பார்ப்பது சுலபம். உள்ளே நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்சர். ஓரமாக இரண்டு துளை இருந்தால் பெர்டன், பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசியை ஒடித்துவிடும், ஒதுக்குங்கள். ராணுவக் கூட்டில் குழியின் விளிம்பை நசுக்கி வைத்திருப்பார்கள், அதை நீக்க வேண்டும். பிரைமரைக் கைக்கருவியால் பொருத்துவது நல்லது. இறுக்கமே தெரியாமல் உள்ளே போனால் அந்தக் கூடு வேண்டாம்.

நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 2.005-க்கு வெட்டுங்கள்.

கழுவும்போது அம்மோனியா கலந்த பாலிஷ் கூடவே கூடாது. கூட்டுப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். உள்ளே இறுக்கம் தங்கிய இந்தக் கலவையை அம்மோனியா விரிசல் விட வைக்கும். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. லாயத்து மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். வெந்நீரும் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போதும்.

இதெல்லாம் தேறிய பிறகு தராசை எடுங்கள். எடை கூடிய கூட்டில் பொதுவாக உள்ளிடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். அதனால் கனமான ராணுவக் கூட்டுக்கு மாறும்போது மருந்தைக் குறைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். நூறு கெஜத்தில் சுடுகிறவர் இதற்கு மேல் எடையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கழித்தவற்றின் கழுத்தைக் குறடால் நசுக்கிவிட்டே பழைய பித்தளை டப்பாவில் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது பொறுக்கி மருந்தடைத்துவிடுவார்கள்.