கூட்டுக் குடியிருப்பும் பொதுப் பராமரிப்பும்

இல், மனை, அகம், குடில் என வீட்டைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பல. பல குடும்பத்தார் ஒரே கட்டடத்தில் தனித்தனி உரிமையுடன் வாழும் வீட்டையோ நாம் 'பிளாட்' என்றே வழங்குகிறோம். சொல் மட்டுமன்று, அம்முறையும் நமக்குப் புதிது.

1947-இல் தோன்றிய சென்னை நகர மேம்பாட்டு டிரஸ்டின் வழியில் 1961-இல் வீட்டு வசதி வாரியம் அமைந்தது. அறுபதுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழவே, மேற்குப் புறநகரில் வீட்டுத் தேவை பெருகிற்று. பின்னர் முகப்பேரில், உலக வங்கிக் கடனுதவியுடன், சாலையும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் அமைத்த சிறு மனைகளை வாரியம் வழங்கியது. மக்கள் தத்தம் வசதிக்கேற்ப வீட்டை வளர்த்துக்கொண்டனர். இம்முறை நன்கு பலித்தது என்பதே என் கருத்து.

அடுக்குமாடியில்தான் சிக்கல். தவணை முடிந்து கிரயப் பத்திரம் பெற்றவர்க்கு நான்கு சுவர்களுக்குட்பட்டது சொந்தம். மாடிப்படி, மொட்டைமாடி, மேல்நிலைத் தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியன பொது. மேல்தளத்தில் ஒழுகும் ஐப்பசி மழை கீழ்த்தளத்தார்க்கு வெறும் செய்தியே! கூட்டுறவும் இங்குக் கைகொடுக்கவில்லை. நம் வீட்டு வசதிச் சங்கங்கள் பெரும்பாலும் கடனும் மனையும் வழங்குவன. கடன் தீர்ந்ததும் உறுப்பினரின் தொடர்பும் தீர்கிறது.

ஸ்வீடனில் 1923-இல் தோன்றிய எச்.எஸ்.பி. எனும் கூட்டுறவு அமைப்பு வேறு வழி கண்டது. அங்குக் கட்டடம் முழுவதும் சங்கத்தின் உடைமை. உறுப்பினர்க்குரியது குடியிருக்கும் உரிமை மட்டுமே. அதனை அவர் விற்கலாம். மாதக் கட்டணத்திலிருந்தே கூரையும் குழாயும் பழுதுபார்க்கப்படுகின்றன. டென்மார்க்கின் பொது வாடகைக் குடியிருப்புகளிலோ, குடியிருப்போர் கூடி ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஏற்கின்றனர். குறைகளும் உள. ஸ்டாக்ஹோமில் குடியிருப்புரிமையின் விலை உயர்ந்து, இளைஞர்க்கு எட்டாததாயிற்று.

தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்திற்கு மாற்றாக 2022-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட, உரிமையாளருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாற் போதும். இசையாத எஞ்சியோருள் ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும் இருப்பர். கட்டுமானம் முடியும்வரை வாடகை வீடு தேட வேண்டியவர் அவர். ஆண்டுதோறும் சிறுதொகை சேர்த்துக் கூரையைக் காத்த குடியிருப்பில் அந்நிலை சில பத்தாண்டுகளேனும் தள்ளிப்போகும். அதற்குப் பதிவுபெற்ற சங்கமும், வீட்டின் பரப்பளவுக்கேற்ற கட்டணமும், கூரைக்கெனத் தனி வங்கிக் கணக்கும் வேண்டும்.