புள்ளி எந்த ஊரில் விழுகிறது?

கேள்வி: வீடு திண்டிவனத்தில், வேலை சென்னையில். வாரக் கடைசியில்தான் ஊருக்கு வருகிறேன். டெங்கு பரவல் வரைபடத்தில் எங்கள் பகுதியில் புள்ளி எதுவும் இல்லையென்றால் பயமில்லாமல் இருக்கலாமா?
— திண்டிவனம் வாசகர்

பதில்: இருக்க முடியாது. வரைபடத்தில் விழும் புள்ளி பெரும்பாலும் காய்ச்சல் வந்தவரின் வீட்டு முகவரி. கொசு அவரைக் கடித்தது வேறு ஊராக இருக்கலாம். டெங்கு காய்ச்சலாக வெளிப்பட 4 முதல் 10 நாள் ஆகும். திங்கட்கிழமை சென்னையில் கடிபட்டவர் சனிக்கிழமை திண்டிவனத்தில் வந்து படுத்தால், புள்ளி திண்டிவனத்தில்தான் விழும். உள்ளூர்க் கொசு அவரைக் கடித்துவிட்டால் பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து.

அதனால்தான் சுகாதாரத் துறைக்கு அந்தப் புள்ளி அவசரம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு 400 மீட்டருக்கு மேல் பறப்பது அபூர்வம். ஆகவே பணியாளர்கள் முதலில் தேடுவது அந்தத் தெருவின் டிரம், பழைய டயர், தேங்காய்த் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர். முட்டைகள் ஈரமின்றி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒவ்வொரு கொசுவுக்கும் வரைபடம் மாறும் என்பதற்கு உங்கள் விழுப்புரம் மாவட்டமே நல்ல சாட்சி. கொசு பரப்பும் இன்னொரு நோயான யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் இங்கெல்லாம் இரவில்தான் ரத்த ஓட்டத்தில் திரளும். பகலில் விரல் நுனியில் குத்தி எடுத்தால் பலரிடம் ஒன்றும் தெரியாது. எனவே ராத்திரியில் வீடு வீடாகப் போய், தூக்கத்திலிருந்து எழுப்பி ரத்தம் எடுத்தார்கள். புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1990களில் இம்மாவட்டக் கிராமங்களில் ஊருக்கே ஒரே தவணையாக மருந்து கொடுத்து, பரவல் எவ்வளவு குறைகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தது. பின்னர் நில உயரம், வெப்பநிலை, மழை, ஈரப்பதம், மண் வகை ஆகியவற்றைச் சேர்த்து, தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் பரவ வாய்ப்புள்ள பகுதிகளையும் வரைபடமாக்கினார்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கோ நெல் வயல்தான் பிறப்பிடம். பன்றியும் கொக்கும் இருக்கும் இடத்தில் கிருமி பெருகும். இந்தியாவில் மனிதரிடம் அது முதலில் அறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில்.

பயணிகள் கவனிக்க வேண்டியது: ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் அந்தி சாயும் முன்பும் முழுக்கைச் சட்டை உதவும். இரவுக் கொசுவலை மட்டும் காக்காது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாத்திரைகளைத் தாமாக விழுங்க வேண்டாம். டாக்டரிடம் முகவரி சொல்லும்போதே, கடந்த இரண்டு வாரத்தில் எந்தெந்த ஊரில் தங்கினோம் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.