பூட்டிய வீட்டுக்குள் பூனை

மே மாதம் பிறந்துவிட்டால் டில்லியில் நம்மவர் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடம் மூடியதும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ கிராண்ட் டிரங்கோ பிடித்து ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். கிளம்பும் நாளில் காஸை மூடி, மெயின் ஸ்விட்சை அணைத்து, கூலர் தொட்டியை வடித்து, ஜன்னல்களைத் தாழிட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறோம். வீட்டுக்குள் உயிருள்ளது எதுவும் தங்கிவிட்டதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் நமக்கு இல்லை. பூனை வளர்ப்பவர்களும், பூனை வந்துபோகும் வீட்டுக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை, எங்கள் வீட்டு மீனுவின் அனுபவத்தை வைத்து இங்கே எழுதுகிறேன்.

ஊர் சுற்றும் பூனைக்குத் தன் வீடு, பிறர் வீடு என்ற பேதம் கிடையாது. காலையில் ஒரு வீட்டில் பால், மதியம் இன்னொரு வீட்டுப் பரண்மேல் தூக்கம். பெட்டிகளை இறக்கும் அவசரத்தில் வாசல் கதவு அரைமணி நேரம் திறந்திருந்தால் அதற்குப் போதும். சந்தடி பிடிக்காமல் உள்ளே போய் ஒடுங்கிக்கொள்ளும். பரண், பெட்டிக் கட்டிலின் அடிப்பகுதி, திறந்த பீரோவின் துணி அடுக்கு, வாஷிங் மெஷின் தொட்டி, குளிர்பெட்டியின் பின்புறம் இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். உயரத்திலுள்ள காற்றுத் துவாரம் வழியாகவும் வரலாம். பூனையின் கழுத்துப்பட்டை எலும்பு மற்ற எலும்புகளோடு பிணைக்கப்படாமல் தசையில் மிதப்பது. அதனால் தலை நுழைந்த இடத்தில் உடம்பும் பெரும்பாலும் நுழைந்துவிடும். வெளியே குழாயும் சன்ஷேடும் ஏணியாக உதவுகின்றன. உள்ளே வழவழப்பான சுவர்தான். குதித்து இறங்கிய பூனைக்கு ஏழெட்டடி உயரத் துவாரத்தைத் திரும்ப எட்டிப் பிடிப்பது கடினம்.

2024 மே 25, சனிக்கிழமை, டில்லியில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. எதிர்வீட்டு மாமாவும் மாமியும் காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு அன்றிரவு ரயில் ஏறினார்கள். மீனு அன்று மாலையிலிருந்தே கண்ணில் படவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வராமல் இருக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. மறுநாள் என் மகள் படம் போட்ட தாள்களைக் காலனி முழுக்க ஒட்டலாம் என்றாள். ஒட்டட்டும், தவறில்லை. ஆனால் முதல் வேலை அதுவல்ல. காணாமற்போன பூனைகளைப் பற்றி 2018இல் ‘அனிமல்ஸ்’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளின் விவரங்களைச் சேகரித்துப் பார்த்ததில், கிடைத்த பூனைகளில் முக்கால் பங்கு தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. சரிபாதிக்கு அந்தத் தூரம் 50 மீட்டர்தான். 50 மீட்டர் என்பது எங்கள் பிளாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. ஆகவே தெருத்தெருவாக அலைவதற்கு முன் மாடிப்படிக்கு அடியிலும், பம்ப் அறையிலும், நிறுத்திவைத்த கார்களின் அடியிலும், முக்கியமாகப் பக்கத்தில் எந்தெந்த வீடுகள் சமீபத்தில் பூட்டப்பட்டன என்றும் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது எதிர்வீடுதான். ஞாயிறன்று ரயிலில் இருந்த மாமாவை அழைத்தோம். “எல்லா ரூமும் பார்த்துத்தான் பூட்டினேன்” என்றார். கதவைத் தட்டினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், ஒரு சத்தமும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் தேடலை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். பூனை பேசாமல் இருந்தால் உள்ளே இல்லை என்று பொருளாகாது. பயந்த பூனை, தன்னை வளர்த்தவர் குரலுக்குக்கூட முதல் இரண்டு மூன்று நாள் வாய் திறக்காது. இரை தேடும் பிராணியாக இருந்தாலும் பெரிய மிருகங்களுக்கு அதுவே இரை. ஆபத்து என்றால் அசையாமல் கிடப்பதுதான் அதன் தற்காப்பு. பகலில் கூப்பிடுவதால் பயன் குறைவு. பின்னிரவில், தெரு அடங்கிய பிறகு கூப்பிட வேண்டும். ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். தீனி டப்பாவைக் குலுக்குவது குரலைவிட நன்றாக வேலை செய்யும். ஜன்னல் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. உடம்பு தெரியாவிட்டாலும் இரண்டு பச்சைப் புள்ளிகள் தெரிந்துவிடும். எதிர்வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் கனத்த திரை. டார்ச் பயன்படவில்லை.

டில்லியின் கோடை இரவில் இன்னொரு தொந்தரவு, கூலர். பிளாக் முழுக்க இருபது கூலர்கள் இரைந்துகொண்டிருக்கும்போது பூனை என்ன, ஆள் கத்தினாலும் கேட்காது. செவ்வாய் கழிந்து புதன் விடியுமுன் மூன்று மணி சுமாருக்கு மின்சாரம் போயிற்று. மின்வெட்டை நான் வாழ்த்தியது அந்த ஒருமுறைதான். கூலர்கள் எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி எதிர்வீட்டுக் கதவில் காதை வைத்தேன். முதலில் மரத்தைப் பிராண்டும் சத்தம், பிறகு தொண்டை கம்மிய ஒரு குரல். மீனுதான்.

உள்ளே இருப்பது உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை பூட்டைத் தொடுவதல்ல, தண்ணீர் கொடுப்பது. பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. அதன் சிறுநீரகம் நீரை மிகவும் சிக்கனமாகச் செலவழிக்கும். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. பூனைக்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும். உடம்பை நக்கி, அந்த ஈரம் உலர்வதால்தான் குளிர்ச்சி பெறுகிறது. நக்குவதற்கு எச்சில் வேண்டும், எச்சிலுக்குத் தண்ணீர் வேண்டும். கிரில் கம்பிக்கு நடுவே கையை நுழைத்து, கதவின் அடி இடுக்கில் பாட்டிலைச் சாய்த்து மெதுவாக ஊற்றினோம். தண்ணீர் தரையில் ஓடி உள்ளே போயிற்று. ஈரத்துணி ஒன்றையும் பாதி உள்ளே தள்ளிவைத்தோம். நக்கும் சத்தம் கேட்டதும் என் மகள் மூன்று நாளைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். கதவிடுக்கு இல்லாத வீடானால், துவாரம் வழியே பனிக்கட்டிகளைப் போடலாம்.

காலையில் மாமாவைக் கும்பகோணத்தில் பிடித்தோம். சாவியின் மறுபிரதி அவரிடமே இருந்தது. டில்லியில் யாரிடமும் இல்லை. “ஒரு பூனைக்காக என் வீட்டுப் பூட்டை உடைக்கணுமா? நாங்க பதினஞ்சாம் தேதி வந்துடுவோமே” என்றார். அவர் கெட்டவர் அல்ல. நகையும் பத்திரங்களும் உள்ள வீட்டை, தாம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது திறக்கச் சம்மதிப்பது யாருக்கும் எளிதல்ல. அயலூரில் நாற்பது வருஷம் சம்பாதித்துக் கட்டிய வீடு. அவர் பயத்தை நான் பூனை இரக்கமில்லாத குணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினைந்தாம் தேதிவரை பூனை தாங்காது என்பதும் உண்மை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டார்கள். விலங்குகளுக்கு வதை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே அரசு அச்சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1962இல் சென்னையில் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. வளர்ப்புப் பிராணிக்கு உணவும் நீரும் தராமல் விடுவதும், பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் கைவிடுவதும் அதன்படி குற்றம். தெரியாமல் பூட்டிப்போன அண்டை வீட்டுக்காரர் குற்றவாளி ஆகமாட்டார். தவிர, முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்! அதைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது, மிரட்டவும் கூடாது. மறுபக்கம், சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் நாமே பூட்டை உடைத்தால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் அத்துமீறல் புகாருக்கு வழிவிட்டதாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அத்துமீறலுக்கு 329ஆம் பிரிவு இருக்கிறது. சொந்தக்காரரைத் தொடர்புகொள்ளவே முடியாத நிலையில் 112க்கோ, தீயணைப்புத் துறையின் 101க்கோ சொல்லி அவர்கள் முன்னிலையில் திறப்பதே சரி. டில்லித் தீயணைப்புக்காரர்கள் பறவை, பூனைகளுக்காக வருவது புதிதல்ல.

சட்டத்தைவிட மாமாவின் பயத்துக்குப் பதில் சொல்வதுதான் உதவிற்று. காலனி சங்கச் செயலாளரும் காவலாளியும் சாட்சியாக நிற்பார்கள், திறப்பதிலிருந்து பூட்டுவதுவரை வீடியோ அழைப்பில் நீங்களே பார்க்கலாம், ஒருவர் மட்டும்தான் உள்ளே போவார், புதுப் பூட்டின் இரண்டு சாவியும் உறையில் போட்டு ஒட்டிச் செயலாளரிடம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். போனில் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது: “பூட்டு வாங்கிக்கலாம்னா. வாயில்லாத ஜீவன் நம்ம ஆத்துல செத்துக் கிடந்தா நான் எப்படி அந்த அடுப்பை மூட்டறது?” அதற்குமேல் மாமா வாதம் செய்யவில்லை.

சாவி செய்பவர் மதியம் வந்தார். சப்தர்ஜங்கில் வெப்பமானி 46.8 டிகிரி காட்டிய நாள் அது. கதவைத் திறப்பதற்கு முன் மாடிப்படியின் மேல்கதவையும் கீழ்கதவையும் அடைத்தோம். அடைபட்ட பூனை வெளிச்சத்தைக் கண்டதும் அம்பாகப் பாயும். பாய்ந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். என் கணவர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கட்டிலுக்கடியில் கைவிட்டு இழுக்கக்கூடாது. எவ்வளவு பழகிய பூனையானாலும் அந்த நேரம் கடிக்கும். கால்மணி நேரம் கழித்து மீனு தானாக வந்து முழங்காலில் உரசியது. கனமான துண்டைப் போர்த்தி, தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றி, கூடையில் வைத்துத் தூக்கி வந்தார். கடியோ நகக்கீறலோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று விடக்கூடாது.

மீனு பிழைத்ததற்குக் காரணம் இரண்டு. மாமி குளியலறை வாளியில் அரைவாளித் தண்ணீர் விட்டுப் போயிருந்தார். அந்த அறைக் கதவும் திறந்திருந்தது. வீட்டுக்கு மேலே இன்னும் இரண்டு மாடி இருந்ததால் கூரை வெயில் நேரே இறங்கவில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழ் வீடாக இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

மீட்டுவிட்டோம் என்று ஒரு கிண்ணம் நிறையப் பால் வைப்பதுதான் நம் பழக்கம். வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. வயிற்றுப்போக்கு கண்டு இருக்கிற நீரும் போய்விடும். முதலில் தண்ணீர், பிறகு ஒரு தேக்கரண்டி அளவு உணவு, இரண்டு மூன்று மணி கழித்து மறுபடி கொஞ்சம். வாய் திறந்து மூச்சிரைத்தால் உடம்பு சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் பாதங்களையும் வயிற்றையும் துடைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது.

ஓடியாடுகிறதே என்றாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேரும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். ஈரல் வேலை நின்று, பட்டினி முடிந்த பிறகும் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காதின் உட்பக்கமும் ஈறும் மஞ்சளாகும். அந்த நிலையில் குழாய் மூலம் உணவு செலுத்தித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும். எடை பார்க்க எளிய வழி: பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறிப் பார்த்து, நம் எடையைக் கழிக்க வேண்டும். மீனு அரைக் கிலோ இளைத்திருந்தது. சோர்ந்து கிடக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை, ஒரு மாத்திரையே கொன்றுவிடும். (தயிர்சாதத்திலேயே பூனை வளர்க்கும் நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: டாரின் என்ற சத்து பூனைக்கு மாமிசத்திலிருந்தே கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். வீட்டில் சமைக்க மனமில்லாதவர்கள் கடையில் விற்கும் பூனைத் தீனியை வாங்கிப் போடலாம்.)

கடைசியாக, திறந்த வீட்டை ஒழுங்காகத் திருப்பித் தருவதும் நம் பொறுப்பு. மீனு ஒரு மெத்தையையும், பிளாஸ்டிக் பை நிறைய இருந்த பழைய பத்திரிகைகளையும் கழிப்பிடமாக்கியிருந்தது. பினாயில் ஊற்றிவிடலாம் என்று காவலாளி சொன்னார். பினாயிலும் பாராசிட்டமால் மாதிரிதான். அது பட்ட பாதத்தை நக்கினாலே பூனைக்கு விஷம். வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து துடைத்து, சமையல் சோடாவைத் தூவி ஒருநாள் விட்டுப் பெருக்கினோம். மெத்தை உறையைத் தோய்த்து, மெத்தையை இரண்டு நாள் மாடி வெயிலில் போட்டோம். எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து அன்றன்றைக்கு அனுப்பினோம். ஜூன் 15 அன்று மாமா வந்து இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு, “பழைய பேப்பரை எடைக்குப் போடணும்னு ரெண்டு வருஷமா சொல்லிண்டிருந்தா. அது முடிஞ்சுது” என்றார். பூட்டுக்கும் சாவி செய்தவர் கூலிக்கும் நாங்கள் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. உறையிலிருந்த இரண்டு சாவியில் ஒன்றைத் திரும்ப எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.