மே மாதத்தில் காட்டு முகாம்

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் 30 பேரை மே மாதம் வண்டலூர்க் காட்டில் தங்கவைத்து முகாம் நடத்தலாமா?
– ஒரு வாசகர், காட்டாங்குளத்தூர்

பதில்: வேண்டாம், சகோதரரே. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியின்றி நுழையவே கூடாது. மின்சார ரயிலேறித் தாம்பரம் போங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் அங்கே குடிபெயர்ந்தது. சுமார் 365 ஏக்கர் வளாகம், குறுங்காடு, புள்ளிமான்கள். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்கள் நட்டு வளர்த்தார்கள். பிள்ளைகளை அந்த நிழலிலேயே உட்காரவைத்து அதைச் சொல்லுங்கள். எந்தப் பிரசங்கத்தையும்விட அது மனதில் நிற்கும் என்று நம்புகிறேன். கல்லூரியிடம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அக்னி நட்சத்திர வெயில். காலை 9 மணிக்குள் நடையை முடியுங்கள். குடிநீரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் தாராளமாக இருக்கட்டும். பெண் பிள்ளைகளோடு பொறுப்பான அக்காமார் கட்டாயம் வர வேண்டும். இரவுக்குச் சபை மண்டபமே போதும்.