மேல்மாடியிலிருந்து இறங்குங்கள்

தீத்தடுப்பு ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததும் சிவப்பு சிலிண்டர்களை எண்ணத் தொடங்குகிறார்கள். மேனேஜர் அறையில் காபி, என்.ஓ.சி.யில் தேதி, கையெழுத்து, கிளம்பிவிடுகிறார்கள். சிலிண்டர் தீப்பிடித்த பிறகு வேண்டியது. நம் வேலை அதற்கு முந்தியது.

எரியக்கூடிய சரக்கும் சூடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்களை முதலில் பாருங்கள்: மெயின் போர்டு, ஜெனரேட்டர், குடோன், கேன்டீன் அடுப்பு. மெயின் போர்டுக்குக் கீழே அட்டைப்பெட்டி கிடந்தால் நீங்கள் நிற்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள். ‘நாளைக்கு எடுத்துடறோம் சார்’ என்பதை நான் ஏற்பதில்லை.

இனி மேல்மாடி. லிஃப்டில் ஏறலாம், இறங்குவது படியில்தான். எல்லோரும் கோட்டை விடுவது இந்த இடத்தில். வரைபடத்தில் இரண்டு படிக்கட்டு இருக்கும். நேரில் ஒன்றில் ஜனம் நடக்கும், மற்றதில் பண்டல் தூங்கும். அதனால் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, படியிலிருந்து மிகத் தொலைவான மூலைக்குப் போய் நில்லுங்கள். வழிகாட்ட யாரும் கூட வர வேண்டாம். பலகைகளை மட்டும் நம்பித் தெருவரை நடந்து பாருங்கள். ஒவ்வொரு கதவையும் ஒரு கையால் தள்ளுங்கள். வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பூட்டியிருந்தால் சத்தம் போடாதீர்கள். ‘அண்ணே, சாவி எங்கே?’ என்று வாட்ச்மேனைக் கேட்டுவிட்டு செல்போனில் நேரம் பாருங்கள். சாவி வர எத்தனை நிமிஷம் ஆயிற்றோ, அதை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். எந்த விதி எண்ணையும்விட முதலாளிக்கு அது நன்றாகப் புரியும்.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வரும். படிக்கட்டுக்கான தீத்தடுப்புக் கதவு மூடியிருக்க வேண்டும், பூட்டியிருக்கக் கூடாது. காற்றுக்காகச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைப்பார்கள். தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். செங்கல்லைக் கையோடு கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத் தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். இரண்டு இடத்திலும் தலைக்கு மேல் கீற்று, இறங்குவதற்குக் குறுகலான படி. மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை பார்த்தால் மற்றதெல்லாம் அப்புறம்; முதலில் அதைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சிலிண்டர். பவுடர் சிலிண்டரில் முள் பச்சையில் நின்றால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், உள்ளே பவுடர் கட்டிதட்டியிருக்கலாம். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது, தராசில் வைக்க வேண்டும். உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மறுபடி நிரப்ப வேண்டும்.

போகும் நாளும் முக்கியம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எந்தக் கடையும் பத்திரமாகத்தான் தெரியும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம் போங்கள். நான் அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேட்டி எடுக்க வந்தவன்போல் நேராக நாலாவது மாடிக்குப் போய்விடுவேன்.